ஐஸ் எப்படி இருக்கு?

எங்கள் ஊரில் குளிர்காலத்தில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "ஐஸ் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் கேட்பார்கள், தேவாலய வாசலில் கேட்பார்கள். போன வருடம் பல் டாக்டர் என் வாய்க்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு கேட்டார்.

ஸ்பூன் ஏரி டிசம்பரில் உறைந்தால் ஏப்ரலில்தான் உடையும். நடுவில் உள்ள மாதங்களில் ஊரில் பாதிப் பேர் அதன் மேல் மரக்குடில் போட்டு, பனியில் துளை போட்டு, தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். பிக்கப் வண்டியைக் குடில் வாசல் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போவோம். எங்கள் மினசோட்டா மாநிலத்துக்காரன் வாசலில் உள்ள தபால் பெட்டிக்கே வண்டியில்தான் போவான். ஏரிக்கு மட்டும் நடப்பானா?

என்னிடம் கேட்டால் சரியான பதில் கிடைக்கும். பல்கலைக்கழகத்தின் ஏரி ஆய்வு நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக என் வேலையே அதுதான். துளை போடுவேன், கோலை விட்டு அளப்பேன், நோட்டில் எழுதுவேன். "ஐஸ் எப்படி இருக்கு, ஆர்லன்?" என்பார்கள். "பதினொண்ணு" என்பேன். பதினோரு அங்குலம் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நிலையத்தில் மொத்தம் இரண்டு பேர். நான், அப்புறம் டாக்டர் கெர்டா நிலண்ட். அவர் ஏரி விஞ்ஞானி. நான் துளை போடுபவன். காபி இருவரும் மாறி மாறிப் போடுவோம்.

இந்தக் குளிர்காலம் சரியில்லை. ஜனவரியில் மூன்று முறை மழை பெய்தது. மாதக் கடைசித் திங்கட்கிழமை நானும் கெர்டாவும் ஏரி முழுக்க நாற்பது துளை போட்டோம். எல்லா இடத்திலும் பதினான்கு அங்குலம் இருந்தது. மர ஆலை முனையில் மட்டும் கோல் ஐந்தில் நின்றது. அங்கே அடியில் ஊற்று இருக்கிறது. குளிர் நன்றாக இருக்கும் வருடத்தில் அது ஒன்றும் செய்யாது. இந்த வருடம் அடியிலிருந்து தின்றுகொண்டிருந்தது.

ஐந்து அங்குலத்தில் ஆள் நடக்கலாம். பிக்கப் வண்டி நிற்க ஓர் அடிக்கு மேல் வேண்டும்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள், சனிக்கிழமை, ஊரின் மீன்பிடிப் போட்டி. முந்நூறு வண்டி வரும். நிற்கப்போகும் இடம் மர ஆலை முனை.

"ஒரே ஒரு வாக்கியம் ஆர்லன்," என்றார் கெர்டா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஊருக்கு ஒரே ஒரு வாக்கியம் சொல்லணும். அவ்வளவுதான்."

"சொல்லிடலாம் டாக்டர். நான் இப்பவே லவானோட தூண்டில் இரைக் கடைக்குத்தான் போறேன், ஊரே அங்கதான் நிக்கும்."

"விதி இருக்கே."

விதி இருந்தது. எனக்கு மறந்துவிட்டது.

இரண்டு வருடம் முன்னால் மீன் விஞ்ஞானி ஒருவரை வானொலியில் கூப்பிட்டு, "ஏரியில் மீன் ஏன் குறைஞ்சுது?" என்று கேட்டார்கள். அவர், "எனக்குத் தெரியாது. கண்டுபிடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்றார். பல்கலைக்கழகம் ஆடிப்போய்விட்டது. இனிமேல் இப்படி ஒன்று நடக்கக் கூடாது என்று மக்கள் ஈடுபாட்டு மையம் ஆரம்பித்தார்கள். பதினான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். அந்த மீன் விஞ்ஞானியின் இடத்தைக் காலி செய்துதான் அந்தப் பதினான்கில் ஒருவரைப் போட்டார்கள். மீன் ஏன் குறைந்தது என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அதை யாரும் வானொலியில் சொல்வதில்லை.

விதி இதுதான். பல்கலைக்கழக ஊழியர் யாரும் மையத்தின் ஒப்புதல் இல்லாமல் பொதுமக்களிடம் ஆய்வைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் அவருடைய நிலையம் "மறுபரிசீலனைக்கு" உட்படும். அப்படி மறுபரிசீலனை செய்த இரண்டு நிலையங்களில் இப்போது ஒன்றில் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. கெர்டாவின் வேலை நிரந்தரம் ஆகுமா என்று மார்ச்சில் முடிவு செய்கிறார்கள். நான் ஐம்பத்தொரு வயதில் துளை போடுவதைத் தவிர ஒன்றும் தெரியாதவன்.

கெர்டா முதலில் ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போன் செய்தார். அங்கே ஒருவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அம்மா, உங்க பல்கலைக்கழகத்தோட எங்களுக்கு ஒப்பந்தம் இருக்கு. அறிவியல் எதுவா இருந்தாலும் மையம் வழியாத்தான் வரணும். நீங்க சொன்னதை அவங்களுக்கு அனுப்பிடறேன்."

அனுப்பினார். அப்படித்தான் செவ்வாய்க்கிழமை மையத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது.

மையம் வளாகத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறது. அட்டை தேய்த்தால்தான் கதவு திறக்கும். கதவில் "எல்லோரும் வருக" என்று எழுதியிருந்தது. எங்களிடம் அட்டை இல்லை. இருபது நிமிடம் நின்றோம்.

பிரஸ்டன் விட்கம் கதவைத் திறந்தார். தலைமை ஈடுபாட்டாளர். முப்பத்தாறு வயது இருக்கும். யார் எதைச் சொன்னாலும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கேட்பார்.

"முதல்ல ஒரு கேள்வி," என்றார். "உங்க பொதுமக்கள் யாரு?"

"ஊர்க்காரங்க," என்றார் கெர்டா.

"ஊர்க்காரங்கன்னு யாரும் கிடையாது டாக்டர். அது ரொம்பப் பழைய எண்ணம். நாங்க ரெண்டு வருஷம் உழைச்சு பொதுமக்களைக் கண்டுபிடிச்சிருக்கோம்."

உள்ளே போய் ஆளுயர அட்டைப் பொம்மை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு பெண்ணின் படம். பச்சை ஸ்வெட்டர், சிரித்த முகம்.

"இவங்கதான் டெப்ரா. வயசு நாப்பத்திமூணு. ஆர்வம் இருக்கு, நேரம் இல்ல. ஒரு நாய் வச்சிருக்காங்க."

"மீன் பிடிப்பாங்களா?" என்று கேட்டேன்.

"டெப்ராவுக்குத் தண்ணின்னா மன அமைதி."

"பிக்கப் வண்டி வச்சிருக்காங்களா?"

பிரஸ்டன் என்னைக் கொஞ்சம் வருத்தத்தோடு பார்த்தார். "நீங்க டெப்ராவை ஒரு வண்டியாப் பார்க்கிறீங்க, ஆர்லன்."

கெர்டா அட்டையின் முன்னால் நின்று தன் வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். சொன்னார். "மர ஆலை முனையில பனி அஞ்சு அங்குலம்தான் இருக்கு. வண்டி ஓட்டாதீங்க."

"நிறுத்துங்க. டெப்ரா முகத்தைப் பாருங்க. உங்களை விட்டு விலகிட்டாங்க."

நானும் பார்த்தேன். அப்படியேதான் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதித் திருத்த ஆரம்பித்தார்கள். "ஐந்து" போனது. எண் மனிதர்களைப் பிரிக்குமாம். "அங்குலம்" போனது. அது துறைச்சொல்லாம். "வண்டி ஓட்டாதீர்கள்" போனது. கட்டளையிட்டால் டெப்ராவுக்குப் பிடிக்காதாம். "மர ஆலை முனை" போனது. அங்கே வசிக்காதவர்கள் ஒதுக்கப்பட்டதாக உணர்வார்களாம். "தான்" என்பதில் ஒரு குறை சொல்லும் தொனி இருந்ததாம்.

பலகையில் மிச்சம் இருந்தது: பனி இருக்கிறது.

"ஆஹா," என்றார் பிரஸ்டன். "இதுல ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க."

"நான் சொல்ல வந்ததுக்கு நேர் எதிரா ஆயிடுச்சே!" என்றார் கெர்டா.

"அர்த்தத்தை உருவாக்குறது பொதுமக்கள், டாக்டர். நாம இடம் மட்டும் விட்டுக் குடுக்கணும்."

"இந்த இடத்துல வண்டி உள்ள போயிடும் சார்," என்றேன்.

"அந்த உணர்ச்சியை மறந்துடாதீங்க ஆர்லன். வியாழக்கிழமை பயிற்சியில அதுதான் வேணும்."

வியாழக்கிழமை கதை சொல்லும் பயிற்சி. ஆறு விஞ்ஞானிகளும் நானும், ஷூவைக் கழற்றிவிட்டு, கம்பளத்தில் வட்டமாக உட்கார்ந்தோம். எல்லோரும் தங்கள் ஆய்வாகவே மாற வேண்டும் என்றார் பிரஸ்டன். பாறை விஞ்ஞானி ஒருவர் அப்படியே படுத்துவிட்டார். இரண்டு மணி நேரம் அசையவில்லை. நாளின் சிறந்த ஈடுபாட்டாளர் என்று அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். கையில் செருகித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தார்.

கெர்டாவின் முறை வந்தது.

"உங்க கதையில கதாநாயகன் யாரு?"

"ஐஸ்."

"அதுக்கு என்ன வேணும்?"

"குளிர்."

"அதோட காயம் எங்க இருக்கு?"

"மர ஆலை முனையில. அடியில."

பிரஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடியில," என்று திரும்பச் சொன்னார். "நம்ம எல்லாருக்கும் அடியிலதான்."

"இல்ல சார், நிஜமாவே அடியில. ஊத்து இருக்கு. அடுத்த வாரம் சனிக்கிழமை முந்நூறு வண்டி வருது. இதை எப்ப ஒப்புதல் பண்ணுவீங்க?"

"முதல்ல மக்கள் குரலைக் கேக்கணும் டாக்டர். கேக்காம பேசுறது திமிர்."

அதனால் மறு திங்கட்கிழமை மக்கள் குரல் கேட்கும் கூட்டம் வைத்தார்கள். வளாகத்தில், மதியம் இரண்டு மணிக்கு, ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளி. வண்டி நிறுத்த அனுமதிச்சீட்டு வேண்டும். அனுமதிச்சீட்டு வாங்க ஊழியர் எண் வேண்டும். மக்களாக வந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் பக்கத்துத் துறையிலிருந்து எலுமிச்சை கேக்குக்காக வந்தவர்கள். நான்காவது லவான்.

லவான் எங்கள் ஊரில் இரைக்கடை வைத்திருக்கிறாள். தூண்டிலுக்குப் போடும் சின்ன மீனும் புழுவும் விற்பாள். போட்டியை நடத்துபவளும் அவள்தான். அறுபத்துநான்கு வயது. விரல் நுனியில் மீன் வாசனை இல்லாமல் நான் அவளைப் பார்த்ததில்லை.

பிரஸ்டன் மேடையேறினார். அவர் பேசியதை நான் நோட்டில் அளவுகளுக்கு நடுவே எழுதி வைத்திருக்கிறேன்.

"நண்பர்களே, இவ்வளவு காலம் அறிவியல் பேசிக்கிட்டே இருந்துச்சு. இனிமே கேக்கும். எப்படிக் கேக்கணும்னு நாங்க ஒரு நூத்திப்பத்து பக்க அறிக்கை எழுதியிருக்கோம். அதை இப்ப ஒரு மணி நேரத்துக்கு உங்களுக்கு வாசிக்கிறேன்."

வாசித்தார். கேக் தீர்ந்ததும் மூன்று பேர் எழுந்து போய்விட்டார்கள். வாசித்து முடித்து, "இப்ப உங்க குரல்" என்றார். இருந்தது ஒரே குரல்.

லவான் எழுந்தாள். "என் வண்டிக்கு அபராதச் சீட்டு ஒட்டியிருக்கானுங்க. அது இருக்கட்டும். டாக்டரம்மா, ஐஸ் எப்படி இருக்கு?"

கெர்டா வாயைத் திறந்தார். பிரஸ்டன் கையை உயர்த்தினார்.

"மன்னிக்கணும். இது கேக்குற கூட்டம். சொல்ற கூட்டம் இல்ல."

"அதான் நான் கேக்குறேனே தம்பி!"

"நீங்க கேக்கக் கூடாதும்மா. நீங்க சொல்லணும். நாங்கதான் கேப்போம்."

"சரி, சொல்றேன். ஐஸ் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியணும்."

பிரஸ்டன் மகிழ்ச்சியோடு மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்: 'மக்களுக்குப் பனியில் ஆர்வம் உள்ளது.' லவான் சுவரைப் பார்த்தாள். கெர்டாவைப் பார்த்தாள். கெர்டா மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது. லவான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

திரும்பி வரும்போது, நிலையத்தை நெருங்கியதும் கெர்டா சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன் ஆர்லன். அதுக்கப்புறம் வேலையாவது மண்ணாவது. சனிக்கிழமை விடிஞ்சதும் ஏரிக்குப் போற பாதையில குறுக்க படுத்துடுவேன்."

"நானும் படுக்கிறேன் டாக்டர். ஒருத்தர் படுத்தா சுத்திக்கிட்டுப் போயிடுவானுங்க."

புதன்கிழமை ஒப்புதல் வந்தது. கனமான, பளபளப்பான அட்டையில் அச்சடித்திருந்தார்கள். பொதுமக்கள் பனியைப் பற்றிக் கேட்டால் இதைத்தான், இதை மட்டும்தான் சொல்ல வேண்டும்:

'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு கதை இருக்கிறது. உங்கள் பனியின் கதை என்ன?'

கெர்டா அதைப் படித்துவிட்டு வெளியே போய்ச் சும்மாவே ஒரு துளை போட்டார்.

வியாழக்கிழமை நான் எப்படியாவது லவானிடம் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். நிலைய வாசலில் பிரஸ்டன் நின்றார். களப்பார்வையாம். அட்டையை நான் எப்படிப் பயன்படுத்துகிறேன் என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டுமாம். என் வண்டியிலேயே ஏறிக்கொண்டார். வழியெல்லாம் என் வண்டியின் கதை என்ன என்று கேட்டுக்கொண்டே வந்தார். கியர்பெட்டி போய்விட்டது என்றேன். எழுதிக்கொண்டார்.

கடையில் லவான் தொட்டியிலிருந்து சின்ன மீன்களை வலையில் அள்ளிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள்.

"ஐஸ் எப்படி இருக்கு, ஆர்லன்?"

இருபத்திரண்டு வருடமாக அந்தக் கேள்விக்கு ஓர் எண்தான் சொல்லியிருக்கிறேன். பிரஸ்டன் என் தோளுக்குப் பின்னால் பேனாவோடு நின்றார். நான் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

"உங்கள் ஆர்வத்துக்கு நன்றி," என்று வாசித்தேன். "ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு கதை இருக்கிறது. உங்கள் பனியின் கதை என்ன?"

லவான் வலையைத் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட்டாள். என்னையும் பிரஸ்டனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"குடிச்சிருக்கியா?"

"இல்ல."

"உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பாத்தீங்களா?" என்று பிரஸ்டன் என் காதில் கிசுகிசுத்தார். "உங்க மேல அக்கறை வந்துடுச்சு. இதுதான் ஈடுபாடு."

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. பனியைப் பற்றித்தான் பேசக் கூடாது. என் வண்டி என் சொந்த வண்டி. அதைப் பற்றிப் பேச யாருடைய ஒப்புதலும் வேண்டாம்.

"லவான், சனிக்கிழமை போட்டிக்கு நான் வர்றேன்," என்றேன். "ஆனா வண்டியை வீட்டுல விட்டுட்டு வர்றேன். நடந்துதான் வரப்போறேன்."

"நடந்தா? நீயா?"

"ஆமா."

"உன் கல்யாணத்தன்னைக்குத் தேவாலயத்துக்கு எதிர்வீட்டுலேர்ந்து வண்டியில வந்தவன்டா நீ."

"இப்ப நடக்கலாம்னு இருக்கேன்."

லவான் மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நானும் உன் கூட நடக்கட்டுமா?"

"வா. ஆனா ஒட்டி வராதே. பத்தடி தள்ளி வா."

"ஊர்ல மத்தவங்க?"

"எல்லாரும் தள்ளித் தள்ளி."

"முனையில மட்டுமா, ஏரி பூராவும் நடக்கப்போறியா?"

"வடக்கு விரிகுடான்னா வண்டியிலயே வந்துடுவேன்."

லவான் தலையை ஆட்டினாள். ஒரு டஜன் சின்ன மீனைப் பையில் போட்டுக் கொடுத்தாள். நான் மீன் கேட்கவே இல்லை.

வெளியே வந்ததும் பிரஸ்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் தாளில் எழுதியிருந்ததை எட்டிப் பார்த்தேன்: 'அட்டை சிறப்பாக வேலை செய்தது. பிறகு பேச்சு இயல்பாக உடற்பயிற்சி பக்கம் போனது.'

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மர ஆலை முனையில் இருந்த குடில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. பனிச்சறுக்கு வண்டியில் கட்டி, ஒவ்வொன்றாக, இடம் விட்டு இடம் விட்டு, வடக்கு விரிகுடாவுக்கு இழுத்துப் போய்விட்டார்கள். லவான் எல்லோரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னாளாம்: "ஆர்லன் நடக்கிறானாம்." யாரும் ஏன் என்று கேட்கவில்லையாம்.

சனிக்கிழமை காலை. வெளியூர்க்காரர்கள் யாராவது தெரியாமல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று நானும் கெர்டாவும் மர ஆலை முனையில் கயிறும் ஏணியும் வைத்துக்கொண்டு நின்றோம். கரையில், பாதையின் குறுக்கே என் வண்டியை நிறுத்தியிருந்தேன். பத்து வண்டியைத் திருப்பி அனுப்பினோம். பதினோராவதாகப் பாதையை விட்டு விலகி, புதர் வழியாக, ஒரு வேன் வந்தது.

புதிய வேன். நீல நிறம். பக்கவாட்டில் பெரிய எழுத்தில், 'அறிவியல் உங்களைத் தேடி வருகிறது!' மேலே ஒலிபெருக்கி. ஓட்டுபவர் பிரஸ்டன். பக்கத்து இருக்கையில் டெப்ரா. டெப்ராவுக்கு இருக்கைப் பட்டி மாட்டியிருந்தது.

கெர்டா இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடினார். "நிறுத்துங்க! அஞ்சு அங்குலம்! அஞ்சே அங்குலம்!"

பிரஸ்டன் ஜன்னலை இறக்கினார். "டாக்டர், எண் வேண்டாம்னு பேசியிருக்கோம்ல?"

"மக்கள் இங்க இல்ல சார்!" என்று கத்தினேன். "வடக்கு விரிகுடாவுல இருக்காங்க!"

அவர் மடியில் இருந்த தாளைப் பார்த்தார். "திட்டத்துல மக்கள் இங்கதான் இருக்காங்க, ஆர்லன். பத்து மணியிலேர்ந்து." ஜன்னலை ஏற்றிக்கொண்டார்.

வேன் கரையிலிருந்து முப்பது அடி போயிருக்கும். சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. வயதானவர் நாற்காலியில் உட்காரும்போது வரும் சத்தம்தான். முன்பக்கம் அப்படியே உள்ளே இறங்கியது. அங்கே ஆழம் நான்கடிதான். மூக்கு சேற்றில் குத்தி, பின்பக்கம் பனி மேல் தூக்கிக்கொண்டு நின்றது. ஒலிபெருக்கி தானாகவே பேச ஆரம்பித்தது: "வணக்கம் நண்பர்களே! இன்று உங்கள் பனியோடு பேசுவோம்!"

பின்கதவு திறந்தது. பிரஸ்டன் இடுப்பு வரை நனைந்து தொங்கிக்கொண்டிருந்தார். நான் குப்புறப் படுத்து ஏணியைத் தள்ளினேன்.

"படுங்க! உருளுங்க! எந்திரிக்காதீங்க!" என்று கத்தினார் கெர்டா.

மூன்றுமே கட்டளை. பிரஸ்டன் மூன்றையும் உடனே செய்தார். ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை.

கரையில் கம்பளியைச் சுற்றிவிட்டு, குடுவையிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தோம். அவருக்குப் பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. முதலில் அவர் கேட்டது, "டெப்ரா?"

"உள்ளதான் இருக்காங்க," என்றேன். "பட்டி போட்டிருக்கு. பத்திரமா இருக்காங்க."

மறுநாள் மையத்திலிருந்து அறிக்கை வந்தது. 'எமது வேன் ஸ்பூன் ஏரியோடு எதிர்பாராத ஆழத்தில் ஈடுபட்டுள்ளது' என்று இருந்தது.

வேனை வெளியே இழுக்கக் கனரக வண்டி வர வேண்டும். கனரக வண்டி அங்கே நிற்காது. எண்ணெயை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, சங்கிலி கட்டி, பனி உடைந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு குளிர்காலமும் தீயணைப்புத் தொண்டர்கள் இன்ஜின் கழற்றிய பழைய கார் ஒன்றை ஏரி மேல் இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவார்கள். வசந்தத்தில் பனி உடைந்து அது எந்த நாள், எத்தனை மணிக்கு விழும் என்று ஊரே சீட்டு எழுதிப் போடும். சரியாகச் சொன்னவருக்கு அரைப் பன்றி, வெட்டிச் சுத்தம் செய்து, புகைபோட்டு. இந்த வருடம் கார் தேடும் வேலை மிச்சம் என்றாள் லவான். வேனின் பின்சக்கரம் எப்போது விழும் என்பதுதான் இந்த வருடப் பந்தயம்.

சீட்டு எழுதுகிறவன் கண்ணை மூடிக்கொண்டா எழுதுவான்? இவ்வளவு மழையில் ஊற்று எவ்வளவு வேகமாகத் தின்கிறது, அடியில் தண்ணீர் எவ்வளவு சூடு, வெயில் எத்தனை மணி நேரம் என்று எல்லோருக்கும் தெரிந்தாக வேண்டியிருந்தது. லவான் கடையில் ஒரு கரும்பலகை மாட்டினாள். கெர்டா தினமும் காலையில் வந்து அதில் அளவை எழுதினார். முதல் வாரம் பத்துப் பேர் நின்றார்கள். மூன்றாவது வாரம் கடைக்குள் நிற்க இடம் இல்லை. பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் வரைபடம் போட்டுக்கொண்டு வந்தார். பல் டாக்டர் கெர்டாவோடு ஊற்று நீரின் வெப்பத்தைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டார். "எனக்குத் தெரியாது, நாளைக்கு அளந்துட்டு வந்து சொல்றேன்" என்று கெர்டா சொன்னபோது யாரும் ஆடிப்போகவில்லை. மறுநாள் அதே நேரத்துக்கு வந்து நின்றார்கள்.

விதி மீறல் என்று மையம் ஏதாவது சொல்லும் என்று பயந்துகொண்டுதான் இருந்தோம். ஆனால் கரும்பலகையைப் பற்றிப் பேசினால் பந்தயத்தைப் பற்றிப் பேச வேண்டும். பந்தயத்தைப் பற்றிப் பேசினால் வேனைப் பற்றிப் பேச வேண்டும். மையம் பேசவில்லை. மார்ச்சில் கெர்டாவின் வேலை நிரந்தரமானது. அந்தக் கடிதத்தில் 'மையத்தின் வழிகாட்டுதலில் சிறந்த மக்கள் ஈடுபாடு' என்று ஒரு வரி இருந்தது. கெர்டா அதைப் படித்துவிட்டு இன்னொரு துளை போட்டார்.

மார்ச் கடைசியில் ஒரு நாள். கடையில் கூட்டம் குறைந்திருந்த நேரம். கெர்டா இன்னும் வரவில்லை, பலகை காலியாக இருந்தது. நான் புழு வாங்கிக்கொண்டிருந்தேன். கதவு மெதுவாகத் திறந்தது. தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். பிரஸ்டன். கையில் சீட்டும் பென்சிலும் இருந்தன. சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஐஸ் எப்படி இருக்கு, ஆர்லன்?" என்றார், குரலைத் தாழ்த்தி.

எனக்கு விதி ஞாபகம் வந்தது. அட்டை இன்னும் சட்டைப்பையில்தான் இருந்தது. எடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டேன்.

"உங்கள் ஆர்வத்துக்கு நன்றி," என்று ஆரம்பித்தேன். "ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு கதை..."

"அட, கதை கிடக்கட்டும்யா!" என்றார் பிரஸ்டன். "எத்தனை அங்குலம்? அதைச் சொல்லு!"

லவான் தொட்டியிலிருந்து நிமிர்ந்தாள்.

"மூணரை," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.